“பழசு அப்படித்தான் இருக்கும்” என்று நம்பி வாங்கிய ஸ்டிலெட்டோ

விமானத்திலிருந்து குதித்துப் பாராசூட்டில் இறங்கும் ஸ்கைடைவிங்கில், வாங்கிய பழைய ஸ்டிலெட்டோ பாராசூட்டோடு நான்கே ஜம்ப். மூன்றில் எப்படியோ தப்பித்தேன், நான்காவதில் அதைக் கழற்றிவிட்டு (இதைத்தான் கட்அவே என்பார்கள்) ரிசர்வ் என்கிற மாற்றுப் பாராசூட்டில் இறங்கினேன். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, முழங்காலில் ஒரு சிராய்ப்பு மட்டும், அதுவும் கழற்றிவிட்ட கேனப்பியை (பாராசூட்டின் விரிந்து பறக்கும் பகுதி) தேடப் போன இடத்தில் வேலியில் கிழித்துக்கொண்டது. பழைய ஹை-பெர்ஃபார்மன்ஸ் கேனப்பி ஒன்று மலிவாக வருகிறதே, வாங்கிப் போடலாமா என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், பணத்தை அனுப்பும் முன் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான்.

முதலில் என் பைத்தியத்தை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஸ்டிலெட்டோ என்றால் உயிர். 1990-களின் தொடக்கத்தில் வந்த நீள்வட்ட வடிவ, ஒன்பது செல் (காற்று நிரம்பும் அறை) கேனப்பி, நான் குதிக்க வந்தபோதே அது பழசு. முதல் சீசனில் மூத்தவர் ஒருவர் அதில் இறங்குவதைத் தரையில் நின்று வாய் பிளந்து பார்ப்பேன். டாகிளை (திருப்பவும் பிரேக் போடவும் இழுக்கும் கைப்பிடி) இரண்டு விரலால் தொட்டால் போதும், திரும்பிவிடும். சறுக்கு தட்டையாக நீண்டுகொண்டே போகும், இறங்குமிடத்திலிருந்து தள்ளித் திறந்துவிட்டாலும் எப்படியும் கொண்டுவந்து சேர்த்துவிடும். இன்றைய வேகக் கேனப்பிகள் வேறு ரகம். மூக்கைக் கீழே அழுத்தி வைத்தது போலச் செங்குத்தாக இறங்கும், ஒரு திருப்பம் போட்டால் தானாக நிமிர்வதற்கு ஏகப்பட்ட உயரத்தைத் தின்னும். ஸ்வூப் போட்டிக்கு (தரையை ஒட்டி வேகமாகப் பாயும் போட்டி) போகிறவர்களுக்கு அந்த நீண்ட பாய்ச்சல்தான் வேண்டும். ஸ்டிலெட்டோ சீக்கிரம் நிமிர்ந்துவிடும். (அந்தக் குணத்தை நம்பித் தாழ்வாக ஹூக் (வேகம் கூட்டப் போடும் கூர்மையான திருப்பம்) போட்டுக் காலை உடைத்துக்கொண்டவர்களும் உண்டு. அது தனிக் கதை.)

என்னை மாதிரி ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இன்னும் முதல் தலைமுறை சேபர் என்ற கேனப்பியில்தான் குதிக்கிறார், அது படீரென்று திறந்து கழுத்தைச் சுளுக்க வைப்பதைக் கூட, கோபக்கார மனைவியைப் பற்றிப் பேசுகிற மாதிரி பெருமையாகத்தான் சொல்லுவார். இந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் இந்த ஆசையின் வாடை பிடித்து விற்க வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரிடம்தான் நான் மாட்டினேன்.

விளம்பரம் மூன்றே வரி. ஸ்டிலெட்டோ 135 (சதுர அடி). முந்நூறு ஜம்ப் கூட ஆகவில்லை. லைன் (கேனப்பியைத் தாங்கும் கயிறு) புதுசு, ரிக்கர் (பாராசூட்டைப் பரிசோதித்துச் சரிசெய்கிறவர்) பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கூடவே ஒரு நீலத் தார்ப்பாயில் விரித்துவைத்து எடுத்த படங்கள். ஒரு படத்தில் டாகிளும் அதற்கு மேலே பளிச்சென்ற வெள்ளை லைனும். விலை புதியதில் கால்வாசி கூட இல்லை. பைலட் சூட்டும் (கேனப்பியை வெளியே இழுக்கும் சின்னப் பாராசூட்) கேனப்பிப் பையும் இலவசமாகத் தருகிறேன் என்றார். பேச்சும் அவ்வளவு இனிமை. “ப்ரோ, இதன் அருமை தெரிந்தவர் கையில்தான் கொடுக்கணும்னு இருந்தேன்” என்றார். அங்கேயே விழுந்துவிட்டேன்.

படித்ததும் அளவு சின்னதாக எடுத்திருப்பாய் என்று சொல்லக் கிளம்புகிறவர்களுக்கு: உபகரணத்தோடு என் எடை 190 பவுண்டு, 135-இல் விங் லோடிங், அதாவது ஒரு சதுர அடிக்கு எத்தனை பவுண்டு என்பது, 1.4 வரும். எண்ணூறு சொச்சம் ஜம்ப் ஆகிவிட்டது, அதில் கடைசி இருநூறும் இதே அளவு கேனப்பியில்தான். அளவில் பிரச்சினை இல்லை.

முதல் ஜம்ப்பில் திறக்கும்போதே வலது பக்கம் தொண்ணூறு டிகிரி இழுத்துக்கொண்டு போனது. ஸ்டிலெட்டோ திறக்கும்போது அலையும் என்று எல்லோரும் சொல்வதுதானே, ஹார்னஸில் (உடம்பில் மாட்டும் பட்டைகள்) நாம் சாய்ந்து உட்கார்ந்தால் உடனே அந்தப் பக்கம் போகிற கேனப்பி, தப்பு நம்முடையதுதான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவதில் கையை முழுசாக விட்டுவிட்டு நேராகப் பறக்கவிட்டால், மெல்ல வலது பக்கம் வட்டமடித்தது. கால் பட்டை ஒன்று தளர்ந்திருக்கும் என்று சமாதானம். மூன்றாவதில் முன் ரைசரை (லைன்களை ஹார்னஸோடு இணைக்கும் பட்டை) இழுத்தபோது கட்டையில் ஏறிய வண்டி மாதிரி உதறியது. விற்றவருக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். “பழசு அப்படித்தான் ப்ரோ இருக்கும், பழகிடும்” என்று பதில் வந்தது, கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. எனக்கும் அதைக் கேட்கத்தான் ஆசையாக இருந்தது.

இன்னொன்றையும் கண்ணால் பார்த்தேன், பார்த்தும் உறைக்கவில்லை. டாகிள் முழுசாக மேலே இருக்கும்போது பிரேக் லைன் (டாகிளிலிருந்து கேனப்பியின் பின்விளிம்புக்குப் போகும் கயிறு) பின்பக்கமாக வில் போல லேசாக வளைந்து தளர்ந்து நிற்க வேண்டும். அந்தத் தளர்ச்சி இல்லாவிட்டால் கேனப்பியின் வாலை நாம் எப்போதும் பிடித்து இழுத்துக்கொண்டே பறக்கிறோம் என்று அர்த்தம், முன் ரைசரை இழுத்தால் வால் இன்னும் மடங்கும், அதனால்தான் அந்த உதறல். என்னுடையது கொடிக்கயிறு மாதிரி விறைப்பாக நின்றது. அண்ணாந்து பார்த்து, ‘எவ்வளவு டைட்டாக இருக்கிறது, லைன் புதுசுதான்’ என்று சந்தோஷப்பட்டேன்.

நான்காவது ஜம்ப். நாலாயிரம் அடியில் திறந்தேன். பைலட் சூட் வீசியும் பை வெளியே வர வழக்கத்தைவிட நேரம் எடுத்தது, அப்புறம் ஒரே சுழற்சி. வலது பக்கம் சரிந்து, லைன் முறுக்கிக்கொண்டு, என்னைத் தூக்கி மல்லாக்கப் போட்டது. என் ஷூக்களுக்கு அப்பால் அடிவானம் ராட்டினமாகச் சுற்றுகிறது, தலைக்குப் பின்னால் ரைசர்கள் முறுக்கி கன்னத்தை அழுத்துகின்றன. காலை உதைத்து முறுக்கைப் பிரிக்கப் பார்த்தேன், ஒரு முறுக்குப் பிரிந்தால் அடுத்தது விழுகிறது. ஆல்டிமீட்டரைப் பார்த்தபோது 2,800. எனக்கு நானே வைத்திருக்கிற எல்லை 2,500. இரண்டு கைப்பிடியையும் கண்ணால் தேடிப் பார்த்து, முதலில் கட்அவே, அடுத்து ரிசர்வ். அத்தனை விசையோடு சுழலும் கேனப்பியை ஒரே இழுப்பில் விடுவித்தது அந்த மூன்று வளைய ரிலீஸ். அதைக் கண்டுபிடித்த பில் பூத்துக்கு அன்று சாயங்காலம் கோயில் கட்டச் சொல்லியிருந்தாலும் கட்டியிருப்பேன்.

கேனப்பி இரண்டு நாள் கழித்து ஒரு புதரில் கிடைத்தது. நேராக எங்கள் ரிக்கரிடம் கொண்டுபோனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “வாங்குறதுக்கு முன்னாடி ஏன் கொண்டுவரலை?” அதற்கு நான் எடுத்து நீட்டியது விற்றவர் கொடுத்த கையெழுத்துப் போட்ட அட்டை. அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே கொடுத்தார். ரிசர்வ் பேக்கிங் கார்டு. விற்றவருடைய ரிக்கில் (முதுகில் மாட்டும் முழுப் பாராசூட் தொகுப்பு) இருந்த ரிசர்வை யாரோ ஒரு ரிக்கர் மடித்து வைத்ததற்கான கையெழுத்து, மெயின் கேனப்பிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. எண்ணூறு ஜம்ப் போட்டவனுக்கு இது தெரியாதா? தெரியும். கையெழுத்தைப் பார்த்தேன், அட்டையைப் படிக்கவில்லை.

லைன் கதைதான் இதில் பெரிது, இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். என் கேனப்பியில் இருந்தது ஸ்பெக்ட்ரா லைன், சிலர் மைக்ரோலைன் என்பார்கள். மெலிசு, வழுவழுப்பு, பலம் அதிகம், அந்தக் காலத்து டேக்ரான் லைனைவிடக் காற்றில் இழுவை ரொம்பக் குறைவு. அதற்கு ஒரே பலவீனம் சூடு. சுமார் 150 டிகிரி செல்சியஸில் உருகிவிடுகிற பொருள், அதற்கு ரொம்பக் கீழேயே சுருங்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஸ்லைடரின் (கேனப்பி படீரென்று திறக்காமல் தடுக்கும், லைன்கள் ஊடே செல்லும் துணி) உலோக வளையங்கள் லைனை உரசிக்கொண்டு கீழே வருகின்றன. எல்லா லைனும் ஒரே அளவு உரசுவதில்லை. வெளிப்பக்க லைன்கள்தான், அதிலும் பிரேக் லைன்கள்தான் அதிகம் சூடாகும், அதிகம் சுருங்கும். அதனால் கேனப்பி மொத்தமாகச் சின்னதாவதில்லை, வடிவமே கோணிப்போகிறது. வெக்ட்ரான், ஹெச்எம்ஏ என்ற மற்ற வகை லைன்கள் இப்படிச் சுருங்காது, ஆனால் தேய்ந்து தேய்ந்து ஒருநாள் அறுந்துவிடும், ஆக அவற்றுக்கும் கணக்கு உண்டு. எந்த லைனாக இருந்தாலும் சில நூறு ஜம்ப்புக்கு ஒருமுறை மொத்த செட்டையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ரிக்கர் ஒரு முனையை ஆணியில் மாட்டி, மறுமுனையில் ஸ்பிரிங் தராசு கட்டி, ஒவ்வொரு லைனையும் ஒரே இழுவையில் வைத்து டேப்பால் அளந்தார். தயாரிப்பாளரின் ட்ரிம் சார்ட் (ஒவ்வொரு லைனும் இருக்க வேண்டிய நீளத்தின் பட்டியல்) பக்கத்தில் விரிந்திருந்தது. இடது பிரேக் லைன் மூன்று அங்குலம் குறைவு, வலது ஐந்து அங்குலம். வலது பக்கம் இழுத்துக்கொண்டு போகாமல் வேறெங்கே போகும்? அப்படியென்றால் ‘புது லைன்’ எங்கே என்றேன். டாகிளைப் பிடித்துக் காட்டினார். டாகிளிலிருந்து முதல் கிளை பிரியும் இடம் வரைக்கும் மட்டும் லைன் புதுசு, வெள்ளை வெளேரென்று இருந்தது. கீழ் பிரேக் லைன் சீக்கிரம் தேய்கிற பகுதி, அதை மட்டும் மாற்றுவது எல்லோரும் செய்கிற சாதாரண வேலைதான். அதற்கு மேலே கையை ஓட்டினால் சாம்பல் நிறத்தில், பூனை வால் மாதிரி நார் எழும்பி நின்றது. ஒரு சாண் தூரத்தில் இரண்டு காலம். படத்தில் எனக்குக் காட்டியது அந்த வெள்ளைப் பகுதியை மட்டும்.

முந்நூறு ஜம்ப் என்பதும் அதோடு போனது. ஸ்லைடர் வளையங்களில் விரலை வைத்தால் நகம் மாட்டுகிற அளவுக்கு வெட்டுகள். துணியில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்க்கச் சொன்னார். ஜீரோ போராசிட்டி துணி காற்றை விடவே கூடாது, நடுச் செல்களின் மேல்துணியில் எனக்குச் சுகமாக மூச்சு வந்தது. வாங்கிய அன்றே எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். புதுத் துணியை மடிப்பது விலாங்கு மீனைப் பைக்குள் போடுகிற வேலை, காற்று போகாது, ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் வழுக்கி வெளியே வரும். இதுவோ துவைத்துத் துவைத்து இளகிய போர்வை மாதிரி சொன்ன பேச்சைக் கேட்டுப் பையில் போய் உட்கார்ந்தது. பத்து நிமிடத்தில் மடித்துவிட்டேன் என்று அன்று எல்லோரிடமும் பெருமை வேறு அடித்தேன்.

இலவச பைலட் சூட்டும் சும்மா இல்லை. அதன் நடுவே ஓடுகிற கில் லைனும் (கேனப்பி திறந்தபின் பைலட் சூட்டைச் சுருக்கும் கயிறு) ஸ்பெக்ட்ராதான், அதுவும் சுருங்கியிருந்தது. இழுத்து விரித்து வைத்தாலும் பாதிதான் விரியும். அன்று பை தாமதமாக வந்தது அதனால்தான்.

விற்றவரிடம் அளவுகளை அனுப்பினேன். முதலில், நீங்கள் மடித்த விதம் சரியில்லை என்றார். பிறகு, கட்அவே செய்து புதரில் கிடந்ததால் சேதம் என்றார். இரண்டு நாள் புதரில் கிடந்தால் துணி கிழியலாம், லைன் ஐந்து அங்குலம் எப்படிச் சுருங்கும் என்று கேட்டதற்கு, “நீங்க பார்த்துத்தானே வாங்கினீங்க?” அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் உண்மை இருந்தது. அதற்குப் பிறகு என்னைத் தடை செய்துவிட்டார்.

ஸ்டிலெட்டோவைத் திட்டுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒழுங்கான ட்ரிம்மில் இருக்கிற ஒன்றில் நண்பரின் தயவில் பிறகு குதித்தேன், இன்னமும் அதே காதல்தான். வாங்குங்கள். ஆனால் பணம் கைமாறும் முன், உங்களுக்குத் தெரிந்த, நீங்களே தேர்ந்தெடுத்த ரிக்கர் மேசைக்கு அது வர வேண்டும், மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். படம் கேட்டால் டாகிளிலிருந்து துணி வரைக்கும் ஒரே படத்தில் பிரேக் லைன் முழுசாகத் தெரிகிற மாதிரி கேளுங்கள். ஸ்லைடர் வளையங்களைக் கிட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள். லேபிளில் சீரியல் நம்பர் இருக்கும், அதை வைத்துத் தயாரிப்பாளரிடமே அதன் வயதையும் அதற்கு ஏதாவது சர்வீஸ் புல்லட்டின் வந்ததா என்பதையும் விசாரித்துக்கொள்ளலாம். லைன் செட் மாற்றும் செலவை விலையோடு கூட்டிப் பாருங்கள், மலிவு என்று நினைத்தது பாதியாவது காணாமல் போகும். என் கேனப்பிக்கு அதுவும் பிரயோசனமில்லை, துணியே போய்விட்ட பிறகு புது லைன் போட்டு என்ன செய்ய? ரிக்கர் அறையில் ஒரு மூலையில் கிடக்கிறது, புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு ‘இப்படி ஆகும்’ என்று காட்ட வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார், சரி என்றுவிட்டேன்.

போன வாரம் அதே ஆள் இன்னொன்றை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். இந்த முறை 120. அதே நீலத் தார்ப்பாய். டாகிளுக்கு மேலே ஒரு முழம் வெள்ளை லைன் தெரிகிறது, அதற்கு மேல் படம் முடிந்துவிடுகிறது.