டால்பின் நோஸ் பாதையில் "கைடு கட்டாயம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

போன மாதம் கொடைக்கானல் வட்டக்கானலில் நாங்கள் ஏமாந்தோம். விடுமுறைக்கு அங்கே போகவிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நாங்கள் நான்கு பேர். அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் வலி உண்டு. அவரும் நடக்கக்கூடிய காட்டுப்பாதை என்றுதான் டால்பின் நோஸ் என்ற பாறைமுனைக்குப் போகும் வழியைத் தேர்ந்தெடுத்தோம். வட்டக்கானலிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். காரை விட்டு இறங்கியதுமே காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வழி மறித்தார். கழுத்தில் ஏதோ அட்டை. இது வனப்பகுதி, கைடு இல்லாமல் போனால் அபராதம், நேற்றுகூடக் காட்டுமாடு ஒருவரை முட்டிவிட்டது என்றார். தலைக்கு 300 ரூபாய், மொத்தம் 1,200.

நம்பினோம். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வரவே இ-பாஸ் வேண்டும். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். அதனால் இங்கும் ஒரு விதி இருக்கும் என்றே தோன்றியது. அந்த எண்ணத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். ரசீது கேட்டேன். கோடு போட்ட நோட்டுத் தாளில் தொகையை எழுதி, ஊதா மையில் ஒரு வட்ட முத்திரை குத்திக் கொடுத்தார். அலுவலகப் பெயர் இல்லை, வரிசை எண் இல்லை. முத்திரைக்குள் ஒரு மரத்தின் படம் மட்டும். அப்போதே திரும்பியிருக்க வேண்டும்.

முதலில் செங்குத்தான இறக்கம். அதைத் தாண்டியதும் சோலைக்காடு. மரவேர்கள் ஒன்றோடொன்று பின்னி, படிக்கட்டு போலவே கிடக்கும். அம்மா ஒவ்வொரு வேரிலும் காலை ஊன்றி, நிதானித்து இறங்கினார். அந்த மனிதரோ "சீக்கிரம், சீக்கிரம், மூடுபனி வந்துவிடும்" என்று விரட்டிக்கொண்டே முன்னால் போனார். ஒரு முறைகூட அம்மாவுக்குக் கை கொடுக்கவில்லை. பணத்தைவிட எனக்கு ஆறாதது இதுதான்.

பாதையை விட்டுச் சற்று விலகி ஒரு பாறையைக் காட்டி, இதுதான் டால்பின் நோஸ் என்றார். எதிரே வெள்ளையாகப் பனி, வேறொன்றும் தெரியவில்லை. நாங்கள் படம் எடுத்துத் திரும்புவதற்குள் அடுத்த குழு காத்திருக்கிறது என்று சொல்லி மேலே ஏறிப் போய்விட்டார். கட்டாயம் என்று சொன்ன அதே கைடு, காட்டுக்குள் எங்களைத் தனியே விட்டுப் போனார்.

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. வழியில் ஒரு பெட்டிக்கடையில் உட்கார்ந்து எலுமிச்சைத் தேநீர் குடித்தோம். கடைக்கார அக்கா, மூக்குப் பாறை வரை போனீர்களா என்று கேட்டார். நாங்கள் பார்த்ததைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. அது இல்லையம்மா, இன்னும் பத்து நிமிடம் கீழே இறங்க வேண்டும், இதற்குக் கைடே தேவையில்லை என்றார். அன்று அம்மாவால் மறுபடி இறங்க முடியவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நாங்களாகவே போனோம். பாதை தெளிவாகவே இருக்கிறது, வழி நெடுக ஆள் நடமாட்டமும் இருக்கிறது. பள்ளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தட்டைப் பாறையையும், கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளியையும் அம்மா கண்ணாரப் பார்த்தார். விளிம்புக்கு மட்டும் யாரும் போகாதீர்கள், மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும்.

அங்கிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாக அடிவாரத்துக் கும்பக்கரை அருவி வரை இறங்குவது முழுநாள் நடை. அதற்கு வழி தெரிந்த உள்ளூர்க்காரர் துணை வேண்டும். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம். டால்பின் நோஸுக்கு யாருக்கும் கைடு பணம் கொடுக்காதீர்கள்.

திரும்பி வரும்போது அதே காக்கிச் சட்டை, கைக்குழந்தையோடு வந்த ஒரு தம்பதியிடம் பேசிக்கொண்டிருந்தது. என் பையிலிருந்த ரசீதை எடுத்து அவர்களிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, எடுத்த பணத்தை மீண்டும் பையில் வைத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள்.