மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு: ஆறாண்டுகளாகச் சென்றுவரும் ஒரு குடும்பத்தின் மதிப்பீடு

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் இருப்பதை முதலில் கண்டு சொன்னது எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுதான். அன்றிலிருந்து ஆறு ஆண்டுகளாக, மாதம் ஒருமுறை இரண்டு பேருந்து மாறி அவனை அங்கே அழைத்துச் சென்று வருகிறோம். இத்தகைய சேவையைப் பற்றி அதைப் பயன்படுத்துபவர்கள் எழுதுவது அரிது; வீட்டில் ஒருவருக்கு மனநோய் என்பது வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்ற அச்சம் எங்களுக்கும் நெடுநாள் இருந்தது. மருத்துவமனையின் பெயரை நான் சொல்லவில்லை. இங்கே எழுதும் குறைகள் பிற ஊர்களுக்கும் பொருந்தும் என்பதை, காத்திருக்கும் கூடத்தில் பழகிய குடும்பங்கள் சொல்லி அறிந்திருக்கிறேன்.

முதலில் நிறையைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஆறு ஆண்டுகளில் ஒரு ரூபாய்கூட யாரும் எங்களிடம் கேட்டதில்லை. மருத்துவர்கள் தம்பியைப் பெயர் சொல்லி அழைத்து, அவனிடமே நேராகப் பேசினார்கள்; உறவினர் வீடுகளில்கூட அவனுக்குக் கிடைக்காத மரியாதை அது. செவிலியர் ஒருவர், ஊசி போடும் முன் ஒவ்வொரு முறையும் அவனிடம் அனுமதி கேட்பார்.

ஆனால் அந்த மருத்துவரிடம் எங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். காலை எட்டு மணிக்குச் சீட்டு வாங்கினால் உள்ளே போகப் பதினொன்று ஆகிவிடும். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறானா என்ற மூன்று கேள்விகளுக்குள் எங்கள் முறை முடிந்துவிடுகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, மனநலச் சிக்கல் உள்ளவர்களில், நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை என்று கணக்கிட்டது. சிகிச்சைக்கு வந்துசேரும் சிறு பகுதிக்கே இந்த வரிசை என்றால், மற்றவர்களும் வரத் தொடங்கினால் என்ன ஆகும் என்று அந்தக் கூடத்தில் உட்கார்ந்து பலமுறை எண்ணியதுண்டு.

என் மிகப் பெரிய குறை வேறு. மூன்றாம் ஆண்டில் ஒருமுறை, மருந்தகச் சாளரத்தில் தம்பியின் மாத்திரையைக் கேட்டபோது, "ரிஸ்பெரிடோன் ஸ்டாக் இல்லைங்க, அடுத்த வாரம் வந்து பாருங்க" என்றார்கள். அடுத்த வாரமும் அதே பதில். வெளியே கடையில் வாங்கிய மாத்திரையும் தீர்ந்தபோது, இனி மாத்திரையே வேண்டாம் என்று தம்பி மறுத்துவிட்டான். இரவெல்லாம் விழித்திருந்தான்; சுவருக்கு அப்பால் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னான். நான்கு மாதங்கள் நாங்கள் மருத்துவமனைப் பக்கம் போகவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மாதந்தவறாமல் வந்த ஒருவன் ஏன் வரவில்லை என்று கேட்டு ஒரு தொலைபேசி அழைப்புகூட வரவில்லை. அவன் வராததை அவர்கள் அறிய வழியும் இல்லை. சிகிச்சை விவரம் முழுவதும் நாங்கள் கையில் கொண்டுபோகும் நோட்டில்தான் இருக்கிறது. நோட்டு வராவிட்டால் நோயாளியும் இல்லை.

அந்த நாட்களில்தான் உறவினர் சிலர் அவனை, மனநோய் குணமாகும் என்ற நம்பிக்கையில் பலரும் செல்லும் ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்ததை அம்மா மறக்கவில்லை, அதனால் மறுத்துவிட்டார். அங்கே சென்ற குடும்பங்களை நான் பழிக்கமாட்டேன். மருந்தும் வழிகாட்டுதலும் இல்லாத நான்கு மாதங்கள் ஒரு வீட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நாங்கள் பார்த்துவிட்டோம்.

இதே வீட்டில் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தன்னார்வலர் ஒருவர் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை தருகிறார். ஒரு மாதம் அம்மா ஊரில் இல்லாதபோது, பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார். எந்த நோய்க்கு மாத்திரையை நிறுத்தும் ஆபத்து அதிகமோ, எந்த நோயில் தனக்கு நோயே இல்லை என்று நோயாளி நம்பக்கூடுமோ, அந்த நோய்க்கு எங்கள் வாசலில் ஆள் இல்லை. சீர்திருத்தம் என்று நான் கேட்பது முதலில் இதைத்தான்: மருத்துவமனையிடம் ஒரு பதிவேடு, வராதவரைத் தேடிப் போக ஒரு சமூகப் பணியாளர்.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. 2018-இல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் முதற்கொண்டு எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. 98-ஆம் பிரிவின்படி, புதிய மருத்துவர் பொறுப்பேற்கும்போது பழைய மருத்துவர் நோயாளியுடன் கலந்தாலோசிக்க வேண்டும். எங்களுக்கு நான்கு முறை மருத்துவர் மாறியிருக்கிறார்; நான்கு முறையும் நோயின் கதையை நானே முதலிலிருந்து சொன்னேன்.

இந்தப் பிரிவுக்குச் செல்லலாமா என்று கேட்பவர்களுக்கு, தயங்காமல் செல்லுங்கள் என்றே சொல்வேன். மருத்துவர் எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே மருந்தகத்தில் இருப்பைக் கேளுங்கள். இல்லையென்றால் அன்றே மருத்துவரிடம் திரும்பிச் சென்று மாற்று மருந்து எழுதித்தரக் கேளுங்கள். நெருக்கடி இரவில் வந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண் (அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவை) 24 மணி நேரமும் இயங்குகிறது. ஒருநாள் அதிகாலை இரண்டு மணிக்கு, அந்த எண்ணில் பேசியவர் அம்மா அழுது முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். நோய் நாட்பட்டதாக இருந்தால் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். மனநோய்க்கும் அது உண்டு என்பதை எங்களுக்கு ஐந்தாம் ஆண்டில்தான் ஒருவர் சொன்னார், அதுவும் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு தாய்.