ரீவைண்டிங் பட்டறைக்கு ஒரு மில்லிஓம் மீட்டர்: வாங்கலாமா?

கோவையில் பம்புசெட் மோட்டார்களுக்கு ரீவைண்டிங் செய்கிறேன். நான்கு கம்பி முறையில் அளக்கும் கையடக்க மில்லிஓம் மீட்டர் ஒன்றை வாங்கி, கோடை சீசன் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டேன். "மல்டிமீட்டர் இருக்கும்போது இது எதுக்குங்க?" என்று தொழிலில் இருப்பவர்களே கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

20 கேஜ் வைண்டிங் கம்பியில் சரியாக ஒரு மீட்டர் வெட்டி எடுங்கள். விட்டம் 0.914 மி.மீ. சுத்தமான செம்பாக இருந்தால் 20 டிகிரி செல்சியஸில் அதன் மின்தடை சுமார் 26 மில்லிஓம் (ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லிஓம்) இருக்க வேண்டும். பட்டறைச் சூட்டுக்கு 27 வரும். சாதாரண மல்டிமீட்டரின் கடைசி இலக்கமே 0.1 ஓம், அதாவது 100 மில்லிஓம். அதன் புரோப் ஒயர்களுக்கே 200, 300 மில்லிஓம் மின்தடை உண்டு. 27-ஐ அது எங்கே காட்டப்போகிறது?

இந்தக் கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மி.மீ. குறுக்குப் பரப்பும் உள்ள செம்புக்கு 20 டிகிரியில் 1/58 ஓம் என்று 1913-லேயே சர்வதேச அளவில் தரம் வைத்துவிட்டார்கள். பிளஸ் டூ புத்தகத்தில் மின்தடை எண் என்று படித்தோமே, அதேதான். கம்பி நீண்டால் மின்தடை ஏறும், தடித்தால் இறங்கும். மின்தடை எண்ணோ நீளத்தையும் தடிமனையும் பார்க்காது. அது உலோகத்தின் குணம். ஆகவே நீளமும் விட்டமும் தெரிந்தால், கையில் இருப்பது என்ன உலோகம் என்று மீட்டரே சொல்லிவிடும்.

எனக்கு இதுதான் பெரிய பலன். செம்பு பூசிய அலுமினியக் கம்பி இப்போது சந்தையில் நிறைய புழங்குகிறது. கம்பி மேல் இருக்கும் இன்சுலேஷன் பூச்சான எனாமலைச் சுரண்டினால் செம்பு நிறம்தான் தெரியும். வெட்டு முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் நடுவில் வெள்ளை தெரியும். அந்தக் கம்பியில் அதே ஒரு மீட்டரை அளந்தால் எண் 40-ஐத் தாண்டிவிடும். 27 எங்கே, 40 எங்கே! மெலிந்த கம்பியும் மாட்டிக்கொள்ளும். 0.914-க்கு பதில் 0.88 இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மின்தடை 8 சதவீதம் கூடிவிடும். மைக்ரோமீட்டர் எனாமலையும் சேர்த்து அளப்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

இவ்வளவு சின்ன அளவை எப்படிப் பிடிக்கிறது? ஒவ்வொரு கிளிப்பிலும் இரண்டு ஒயர். ஒரு ஜோடி மின்னோட்டத்தை அனுப்பும், இன்னொரு ஜோடி மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும். பார்க்கிற ஜோடியில் மின்னோட்டம் ஏறக்குறைய ஓடாததால் ஒயரின் மின்தடை கணக்கில் சேராது. கெல்வின் கிளிப் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு ஒயர் மட்டும் உள்ளதை யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

மோட்டார் சூட்டையும் இதில் கண்டுபிடிக்கலாம். ஓட்டுவதற்கு முன் 30 டிகிரியில் வைண்டிங் 2.40 ஓம், லோடில் ஓட்டி நிறுத்திய உடனே 2.95 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 2.95-ஐ 2.40-ஆல் வகுத்து, 264.5-ஆல் பெருக்கி, 234.5-ஐக் கழித்தால் சுமார் 91 டிகிரி வரும். 234.5 என்பது செம்புக்கு உரிய எண்; 264.5 என்பது அதோடு 30 டிகிரியைக் கூட்டியது. இது காயிலின் சராசரிச் சூடுதான், உள்ளே சில இடங்களில் இன்னும் கூடுதலாக இருக்கும். ஆனாலும் பாடியைத் தொட்டுப் பார்த்து "சூடு பரவாயில்லை" என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். ஆறவிட்டு அளந்தால் பயனில்லை, சட்டென்று கிளிப் போட வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. கிளிப் ஸ்பிரிங் கொஞ்சம் தளர்வு. தடித்த டெர்மினலில் நழுவுகிறது. பேட்டரியை வேகமாகத் தின்கிறது. பெரிய மோட்டாரில் மாட்டினால் காயிலின் மின்தூண்டல் காரணமாக எண் நிலைக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அவசரப்பட்டு முதலில் வந்த எண்ணைக் குறித்துவிட்டு, மூன்று பேஸும் சமமில்லை என்று, காயில் சுற்றியிருக்கும் ஸ்டேட்டரைப் பிரித்துவிடாதீர்கள்.

வீட்டு வயரிங் மட்டும் செய்பவர்களுக்கு இது தேவைப்படாது. இன்சுலேஷன் பார்க்க மெகர்தான் வேண்டும், அந்த வேலை இதற்குத் தெரியாது. ரீவைண்டிங் பட்டறைக்கோ விலை தாராளமாகத் தகும். கம்பி வாங்கப் போகும்போது இதைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். இரண்டு முனையிலும் எனாமலைப் பளபளவென்று சுரண்டிவிட்டு, கடைக்காரர் முன்னாலேயே ஒரு மீட்டர் அளந்து பார்த்து எடை போடச் சொல்லுங்கள்.