சிகரெட் புகைக்கு ஏர் பியூரிஃபையர்: எது போகும், எது போகாது

‘99.97 சதவீதம் சுத்தம்’ என்று பெட்டியில் போட்டிருப்பது பொய்யில்லை, பாதிக் கணக்கு. அது ஹெப்பா ஃபில்டர் (நுண்துகளைப் பிடிக்கும் நெருக்கமான இழை வடிகட்டி) 0.3 மைக்ரான் துகளைப் பிடிக்கும் அளவு; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிகரெட் புகையின் துகள்கள் பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் கீழே. அவற்றை ஹெப்பா நன்றாகவே பிடிக்கிறது. மீதி, வாயு. கார்பன் மோனாக்சைடு ஹெப்பாவிலும் நிற்காது, வாடையை உறிஞ்ச வைத்திருக்கும் கரி ஃபில்டரிலும் நிற்காது.

வாடைக்குக் கரிதான் வேலை செய்ய வேண்டும். மலிவான மாடல்களில் கரி என்பது கறுப்புப் பொடி தடவிய மெல்லிய பஞ்சு. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். பக்கத்து வீட்டில் தினமும் புகைத்தால் சில வாரங்களிலேயே நிறைந்துவிடும், பிறகு பிடித்த வாடையையே திருப்பி விடும். குறுணைக் கரி அடைத்த, கைக்குக் கனமான ஃபில்டர் உள்ளதைப் பாருங்கள். அயனைசர் (காற்றில் மின்னூட்டம் ஏற்றும் வசதி) பொத்தானை அணைத்தே வையுங்கள். அது ஓசோன் விட்டால், நிகோட்டினோடு சேர்ந்து இன்னும் நுண்ணிய துகள்கள் உண்டாகும்.

அளவு: 150 சதுர அடி அறை, 8 அடி உயரம் என்றால் புகைக்கான சிஏடிஆர் (மெஷின் தரும் சுத்தக் காற்றின் அளவு) குறைந்தது 100 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 100 கன அடி. மணிக்கு 5 முறை அறைக் காற்று சுற்றும். இந்த எண் உச்ச வேகத்துக்கானது; இரவில் சத்தம் பொறுக்காமல் ‘ஸ்லீப்’பில் போட்டால் கிடைக்காது. ஆகவே தேவைக்கு மேலேயே வாங்குங்கள். ‘ஆட்டோ’வையும் நம்ப வேண்டாம்: பெரும்பாலான சென்சார்கள் துகளைத்தான் எண்ணும், திரையில் பச்சை எரியும்போதும் வாடை அடிக்கும்.

வேலை செய்யவில்லை என்ற புகார்களில் சில சிரிக்க வைக்கும், ஃபில்டரைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே ஓட்டியிருப்பார்கள். இன்னொன்று எளிதில் கண்ணில் படாது. ஜன்னலை மூடிவிட்டு பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால், வெளியே போன காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கு வழியே அடுத்த வீட்டுப் புகையைத்தான் அது இழுக்கும். முதலில் கதவடி இடைவெளியையும் குழாய் நுழையும் ஓட்டைகளையும் அடைத்துவிட்டு மெஷினைப் போடுங்கள்.

கசிந்து வரும் புகைக்கு வாங்கலாம். அதே அறையில் ஒருவர் புகைப்பதற்கு இது பரிகாரம் என்றால், வேண்டாம். காற்றோட்டமோ வடிகட்டியோ தனிப் புகையறையோ புகைக்காதவரைக் காக்காது என்று உலக சுகாதார அமைப்பின் புகையிலை உடன்படிக்கை வழிகாட்டுதல்கள் 2007லேயே சொல்லிவிட்டன. பக்கத்தில் இருப்பவர் மூக்குக்குப் புகை போய்ச் சேர்ந்த பிறகுதான் மெஷினுக்கே வருகிறது.