கேபிள் ஸ்பீடோமீட்டர்: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

மீட்டரில் முள் 60இல் நிற்கும்போது செல்போன் ஜிபிஎஸ் 56 காட்டுகிறதா? உடனே மீட்டரைக் கழற்றக் கொடுக்காதீர்கள். முதலில் ஓடோமீட்டரை, அதாவது வண்டி ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் எண்களைப் பாருங்கள்.

முன்சக்கரத்திலிருந்து கேபிள் வரும் 100, 125 சிசி வண்டிகளில் இரண்டையும் ஓட்டுவது ஒரே கேபிள்தான், உள்ளே வழி மட்டும் வேறு. கிலோமீட்டர் எண்ணும் பகுதி பல்சக்கரத்தில் ஓடுவதால் நழுவாது. முள்ளை ஏற்றுவது சுழலும் காந்தம். அது முள் இணைந்த அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும், மெல்லிய சுருள்வில் பின்னுக்குப் பிடிக்கும். ஓடோ சரியாக இருந்து முள் மட்டும் சற்றுக் கூடக் காட்டினால், பெரும்பாலும் அது தயாரிப்பிலேயே வைத்த கூடுதல்தான். வாகன ஸ்பீடோமீட்டர்களுக்கான ஐ.நா. 39ஆம் ஒழுங்குவிதியே உண்மை வேகம் 80 என்றால் மீட்டர் 92 வரை காட்டலாம், 80க்குக் கீழே மட்டும் காட்டக் கூடாது என்கிறது. ஓடோவும் முள்ளும் ஒரே விகிதத்தில் பிசகினால் டயரைச் சந்தேகிக்க வேண்டும்.

வேலூர் பக்கம் இதைச் சோதிக்க பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் போகும் நெடுஞ்சாலை தோதானது. விடியற்காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சித்திரை வெயிலில் ஓடிச் சூடான டயரில் பிரஷர் ஏறியிருக்கும். ஒரு கிலோமீட்டர் இடைவெளியை நம்பாமல் 10 கிலோமீட்டர் கல் தொடர்ந்து ஓட்டி, ஓடோவின் கடைசி இலக்கம் எங்கே நிற்கிறது என்று பின்னால் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். ஜிபிஎஸ் வேகத்தைப் பார்ப்பதானால் நேர்சாலையில் ஒரே வேகத்தில் 10 விநாடியாவது பிடித்து ஓட்ட வேண்டும். பாலமதி மலைப்பாதை வளைவுகளில் பார்த்த அளவு எதற்கும் உதவாது.

டயர் கணக்கு எளிது. 90/90-17 (அகலம் 90 மி.மீ., பக்க உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 17 அங்குலம்) டயரின் சுற்றளவு சுமார் 1866 மி.மீ. பார்வைக்காக முன்னால் 100/90-17 போட்டால் 1922 ஆகிவிடும், 3 சதவீதம் அதிகம். ஓடோ 10 கி.மீ.க்கு 9.7 காட்டும், முள்ளும் அதே அளவு தாழும். ஆபத்தான பிசகு இதுதான். தேய்ந்த டயர் எதிர்த்திசையில் இழுக்கும்: 5 மி.மீ. தேய்ந்தால் மீட்டர் 1.7 சதவீதம் கூடக் காட்டும். நேரில் அளக்க, டயர் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, ஆள் உட்கார்ந்தபடி ஐந்து சுற்று உருட்டி, டேப்பில் வரும் நீளத்தை ஐந்தால் வகுங்கள்.

முள்ளைப் பிடுங்கித் தள்ளி வைப்பதை ஏற்கவே முடியாது. 6 சதவீதம் கூடக் காட்டும் மீட்டரில் முள்ளை 3 இறக்கினால், 80இல் இன்னும் 81.8 காட்டும். 40இலோ 39.4தான் காட்டும், அதாவது உண்மையை விடக் குறைவு.

மூன்று வருடத்தில் உண்மையில் வேலை வைத்தது கேபிள்தான். மெதுவாகப் போகும்போது முள் துள்ளி, வேகம் ஏறினால் அடங்கினால் உள்கம்பி வறண்டிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் கம்பியை உருவித் துடைத்து மெல்லிய கிரீஸ் பூசுங்கள். மீட்டர் பக்கம் மேல் 15 செ.மீ.யை விட்டுவிடுங்கள். அங்கே பூசினால் சுழல்கம்பி கிரீஸை மேலே ஏற்றும், அது கிண்ணத்தில் ஒட்டி முள் கீழே இறங்காமல் நிற்கும். மலிவுக் கேபிளில் சதுர முனை தொளதொளவென்று இருக்கும், ஒரிஜினலே வாங்குங்கள்.

பஞ்சர் கடையில் சக்கரம் மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஹப்பில் கேபிளைச் சுழற்றும் மீட்டர் டிரைவின் இரண்டு காதுகளும் பள்ளத்தில் உட்காராமல் ஆக்சில் நட்டை முறுக்கினால் காது ஒடிந்துவிடும், பிறகு முள் எழும்பவே எழும்பாது. சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே நட்டை முறுக்கச் சொல்லுங்கள்.