பாருக்கு வெளி சீட்டிங்: முன்வாசலா, மொட்டைமாடியா?

கேரளால, தமிழ்நாட்டு பார்டரை ஒட்டி இருக்கற கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்க தெரு முனையில இருக்கற பாரை பெருசு பண்ணி வெளியவும் டேபிள் போடப் போறாங்கன்னு பேச்சு வந்தப்ப ஓனர் தரப்புல ரெண்டு வழி சொன்னாங்க, ஒண்ணு ரோட்டைப் பாத்த முன்வாசல்ல கல்லு பாவி போடறது, இன்னொன்னு மொட்டைமாடில ஷீட் போட்டு மேல கொண்டு போறது. அசோசியேஷன்ல நான் முன்வாசலுக்குத்தான் கை தூக்கினேன். இப்பவும் பல பேரு ஏனுங்க அப்படின்னு கேக்கறாங்க.

ஒண்ணுமே வேண்டாம், பெட்டிஷன் போடுவோம்னு ஒரு அணியும் இருந்துச்சு. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. 2014ல இங்க கேரளால பார்களை மூடினப்ப எங்க ஊர் ஆளுங்க பார்டர் தாண்டிப் போய் குடிச்சிட்டு ராத்திரி பைக்ல திரும்பினாங்களே தவிர யாரும் நிறுத்தல, 2017ல ஹோட்டலுக்கு மூணு ஸ்டார் இருந்தா பார் திறக்கலாம்னு ஆனதும் பழைய கதைதான்.

பார்க்கிங், காலி பாட்டில், ஓரமா ஒண்ணுக்கு போறது இதெல்லாம் எங்க போட்டாலும் ஒரே தொல்லை, விடுங்க. முன்வாசலுக்கு எதிரா நியாயமா பேசினது பக்கத்து வீட்டு அக்காதான், "டியூஷன் முடிஞ்சு பொண்ணுங்க அந்த வழியாத்தானே வரணும், அத்தனை கண்ணு"ன்னாங்க. அதுக்குத்தான் ஆள் உயரத்துக்கு மேல மதில் கேட்டோம், கட்டிட்டாங்க. ஆனா மாடில உக்காந்தா அந்தக் கண்ணு எங்க போகும்? நேரா எங்க கொல்லைக்கு, துணி காயற கொடிக்கு, கிணத்தடிக்கு. அதுக்கு எந்த மதிலு?

நான் முடிவு பண்ணினது சத்தத்தை வெச்சு. பாட்டுச் சத்தத்தைச் சொல்லல, அதைக் கொறைக்க பட்டன் இருக்கு, போன் போட்டா கொறைப்பாங்க. நாலு பெக் உள்ள போன மனுசன் குரலுக்கு பட்டன் கிடையாது. குடியிருப்புப் பகுதில ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் 45 டெசிபல்தான்னு சத்தக் கட்டுப்பாட்டு விதி சொல்லுது, ஆனா இங்க பார் 11 வரைக்கும் ஓடும், பார்டருக்கு அந்தப் பக்கம் டாஸ்மாக் 10க்கு ஷட்டர் இறக்கிடுது, சரக்கு பத்தாதவன் எல்லாம் வண்டிய இங்க திருப்பறான். அடங்கணும்னு விதி சொல்ற அதே நேரத்துக்குத்தான் எங்களுக்குக் கூட்டமே வருது. மாசம் ஒண்ணாந்தேதி இங்க ட்ரை டே, சரக்கு விக்க மாட்டாங்க, அன்னிக்கு ராத்திரி வாசல்ல வந்து நில்லுங்க, தவளை கத்தறது கேக்கும், மறுநாள் அதே இடத்துல நின்னு பாருங்க, புரிஞ்சிடும்.

"மாடின்னா சத்தம் மேல போயிடும்ல அண்ணா"ன்னு ஒரு தம்பி கேட்டாப்ல. மேல போனாப் பரவால்ல தம்பி, இது பாலக்காட்டுக் கணவாய், ஆனி ஆடில மேக்க இருந்து அடிக்கற காத்து மாடில பேசறதை அப்படியே தூக்கிட்டு வந்து கிழக்க இருக்கற எங்க ஜன்னல்ல கொட்டும், மார்கழி தைல கிழக்கத்திக் காத்து அதையே மேக்கத்தித் தெருவுக்குக் கொண்டு போகும், ஆக ரெண்டு தெருவுக்கும் பங்கு உண்டு. கீழன்னா மதில், தென்னை, முன்னாடி வீடுன்னு தடுக்க நாலு இருக்கு, ரோட்டுல போற லாரி சத்தத்துல பாதிப் பேச்சு அமுங்கியும் போயிடும். அப்புறம் சேர். கடை கட்டறப்ப இரும்புச் சேரை டைல்ஸ் மேல தரதரன்னு இழுத்து ஒண்ணு மேல ஒண்ணு டங்குன்னு போடுவாங்க பாருங்க, அது மாடில நடந்தா தூங்கின கொழந்தை எந்திரிச்சிடும்.

இன்னொரு கண்டிஷனும் எழுதி வாங்கினோம், 10 மணிக்கு வெளி சர்வீஸ் நிறுத்தி ஆளுங்களை உள்ள கூப்பிட்டுக்கணும். வார நாள்ல ஒழுங்கா நடக்குது. சனிக்கிழமை இழுத்தடிக்கறாங்க, போய் நின்னாத்தான் எந்திரிக்கறாங்க. கீழ இருக்கறதால போய் நிக்கவாவது முடியுது.

முன்வாசல் போட்டு இன்னும் ஒரு ஆடி முழுசாப் பாக்கல. மழைக்கு அங்கயும் ஷீட் போட்டா சத்தம் எப்படித் திரும்பும்னு இப்பவே சொல்ல மாட்டேன். அதே மாதிரி உங்க ஊர் பார் தனியா, சுத்தியும் வயலா இருந்தா என் கணக்கு செல்லாது, அங்க மாடிலயே போடட்டும், காத்தாவது நல்லா வரும்.