‘வணக்கம், நான் புதுசு’: கொழும்புக்கு வருபவருக்கு எந்தச் செயலி?

வெள்ளவத்தையில் அறை எடுத்தவருக்கு 100ஆம், 101ஆம் இலக்க பஸ்களும் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையும் ஒரு கிழமையில் பழகிவிடும். பழக ஆள் கிடைப்பதுதான் பிந்தும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ வேலைக்கும் படிப்புக்கும் வருபவர்கள் இப்போது தேடுவது ஒரு குரூப் லிங்க்கை. அந்தக் குரூப் எந்தச் செயலியில் ஓடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அவர் போடும் முதல் வணக்கத்தின் கதி. வட்ஸ்அப், டெலிகிராம், டிஸ்கோர்ட் மூன்றுமே இலவசம். அவற்றை இங்கே ஒரே அளவுகோலால் பார்ப்போம்: இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் தன்னை அறிமுகப்படுத்தினால், மறுநாள் காலை பஸ்ஸில் போனைத் திறக்கும் இன்னொருவர் கண்ணில் அது படுமா?

வட்ஸ்அப்பில் பெரும்பாலும் படாது. ஒரு குரூப்பில் 1024 பேர் வரை சேரலாம். ஆனால் எல்லோருடைய பேச்சும் ஒரே வாய்க்காலில் ஓடுகிறது. ஒன்பது மணி அறிமுகத்தின் மேல் பத்து மணிக்கு ஒரு காணி விளம்பரம், பதினொன்றுக்கு ஒரு மரண அறிவித்தல், விடிய ஆறு மணிக்குப் பூப்போட்ட காலை வணக்கங்கள். வந்தவர் அடியில் போய்விடுவார். செய்தியை மேலே குத்தி, அதாவது ‘பின்’ செய்து வைத்தால் போயிற்று என்று அட்மின்கள் நினைப்பதுண்டு. அந்தப் ‘பின்’ 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்ற தவணையோடுதான் நிற்கும். அதோடு, ஒருவர் சேர்வதற்கு முன்பு ‘பின்’ செய்த செய்தி அவருக்குத் தெரியாது. ‘புதியவர்கள் இப்படி அறிமுகம் செய்யுங்கள்’ என்று மேலே குத்தி வைத்த செய்தியை, யாருக்காக எழுதினீர்களோ அவர் மட்டும் காணமாட்டார். ஆகவே விதிகளையும் அறிமுக மாதிரியையும் குரூப்பின் விவரப் பகுதியில் எழுதுங்கள். எப்போது வந்தாலும் கண்ணில் படுவது அதுதான்.

2022 நவம்பரில் வந்த ‘கம்யூனிட்டி’ வசதி நிலைமையைக் கொஞ்சம் மாற்றியது. ஒரு கூரையின் கீழ் அறிமுகத்துக்கு ஒன்று, போர்டிங் தேடுபவர்களுக்கு ஒன்று, கிரிக்கெட்டுக்கு ஒன்று எனக் குரூப்புகளைப் பிரிக்கலாம். அறை விளம்பரங்களைத் தனியே ஒதுக்கினாலே பாதிச் சத்தம் அடங்கும். கூடவே, புதிதாகச் சேர்பவரை அட்மின் அனுமதிக்க வேண்டும் என்ற அமைப்பையும் ஒன் செய்யுங்கள். லிங்க் ஒருமுறை பேஸ்புக்கில் ஏறிவிட்டால் வருவது நண்பர்களாக இருக்காது.

வட்ஸ்அப்பின் தீராத குறை தொலைபேசி இலக்கம். சாதாரணக் குரூப்பில் சேர்ந்த கணமே உங்கள் இலக்கம் அத்தனை பேருக்கும் தெரியும். புரொஃபைல் படத்தையும் ‘லாஸ்ட் சீன்’ஐயும் கொன்டாக்டில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று வைக்கலாம், இலக்கத்தை மறைக்க வழியில்லை. தனியே போர்டிங்கில் இருக்கும் பெண் ஒருவர் 300 பேருள்ள குரூப்பில் ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். இன்னொன்று: ‘தவறுதலாக உங்களுக்கு ஆறு இலக்கக் குறியீடு வந்துவிட்டது, அனுப்பிவிடுங்கள்’ என்று குரூப் ஆள் மாதிரியே வரும் செய்தி. கொடுத்தால் உங்கள் கணக்கு அவர் கைக்குப் போய்விடும். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை (கணக்குக்கு நீங்களே வைக்கும் இரகசிய இலக்கம்) சேரும் முன்பே போட்டு வையுங்கள்.

ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள் சேரும் இடத்துக்கு எங்கள் தெரிவு டெலிகிராம். குரூப் அமைப்புக்குள் போய் ‘டொப்பிக்ஸ்’ஐ ஒன் செய்தால், ஒரே குரூப் பல அறைகளாகப் பிரியும். ‘அறிமுகம்’ அறையில் அறிமுகங்கள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடக்கும். மூன்று நாள் கழித்து வருபவரும் படித்துப் பதில் போடலாம். டொப்பிக்ஸ் போடாத பிரைவேட் குரூப்பானால், பழைய உரையாடல் புதியவர்களுக்குத் தெரியும்படி அட்மின் வைத்திருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, வந்தவர்கள் ஏன் மௌனமாக இருக்கிறார்கள் என்று யோசிக்கும் குரூப்புகள் நிறைய. தொடக்கத்தில் நாலு அறை போதும். பன்னிரண்டு திறந்தால் பதினொன்றில் ஆளிருக்காது.

சேர்பவர் செய்ய வேண்டியது: பிரைவசி அமைப்பில் தொலைபேசி இலக்கத்தை ‘யாருக்கும் இல்லை’ என்று மாற்றுவது. அதன் கீழே, இலக்கத்தை வைத்து உங்களை யார் தேடலாம் என்று இன்னொரு கேள்வி முளைக்கும். அதைக் கொன்டாக்டில் இருப்பவர்கள் என்று வைப்பது. பிறகு ஒரு யூசர்நேம். ஆனாலும் நீங்கள் டெலிகிராமில் சேர்ந்த செய்தி, உங்கள் இலக்கத்தை ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பவர்களுக்குப் போகக்கூடும். ஒஃபிஸில் யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள் கவனிக்க. டெலிகிராம் குரூப் பேச்சுகள் வட்ஸ்அப்பைப் போல முனைக்கு முனை குறியாக்கம் (பேசுபவர்கள் தவிர வேறு யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டுவது) செய்யப்படுவதுமில்லை. ‘வீடியோவுக்கு லைக் போட்டால் காசு’ என்று தனிச் செய்தியில் வருபவர்களுக்கும் அங்கே பஞ்சமில்லை, பிளொக் செய்துவிட்டு நகருங்கள்.

டிஸ்கோர்ட் கேம் ஆடுபவர்களுக்கும் கோடிங் படிப்பவர்களுக்கும் நல்லது. குரல் அறையில் சும்மா நுழைந்து உட்காரலாம். தொலைபேசி இலக்கம் யாருக்கும் தெரியாது. மற்றவர்களுக்கு அது ஆளில்லாத மாளிகை.

எந்தச் செயலியானாலும் அறிமுகம் செத்துப்போவது இரண்டு காரணத்தால். ஒன்று, ‘ஹாய், நான் புதுசு’ என்பதற்குப் பதில் சொல்ல அதில் எதுவும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: “வணக்கம். பெயர் கவிதா. கொட்டாஞ்சேனைப் பக்கம், வந்து மூன்று கிழமை. கணக்கியல் படிக்கிறேன். கிழமை நாட்களில் ஏழு மணிக்குப் பிறகு ஓய்வு. சிங்களம் பேசிப் பழக ஆள் வேண்டும். எக்செல் சொல்லித் தருவேன்.” பகுதி இருக்கிறது, ஒழுங்கை இலக்கம் இல்லை. கேட்பதும் கொடுப்பதும் ஒவ்வொன்று. பிடித்துக்கொள்ள நாலு கொம்பு.

இரண்டாவது, வரவேற்பவர்கள். நாற்பது பேர் கைகூப்பும் ஸ்டிக்கர் போட்டதும் வந்தவருக்குச் சொல்ல வார்த்தை வராது. ஸ்டிக்கருக்குப் பதில் ரியாக்ஷன் போடச் சொல்லுங்கள். கிழமைக்கு இரண்டு பேரை முறைபோட்டு நியமித்து, அறிமுகத்திலிருந்து ஒரு கேள்வியை எடுத்து, பெயரைக் குறிப்பிட்டுக் கேட்க வையுங்கள். கேள்வி ‘எந்த ஊர்?’ என்று தொடங்கவேண்டியதில்லை. ஊர், பிறகு ஊரில் எந்தப் பக்கம், பிறகு யாருடைய ஆட்கள் என்று அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதேபோல் குரூப்பின் பெயரில் ‘தமிழர்’ என்பதை விடத் ‘தமிழ் பேசுவோர்’ என்று இருந்தால் முஸ்லிம் நண்பர்களும் தயங்காமல் உள்ளே வருவார்கள்.

நேரில் சந்திப்பது ஆறு முதல் எட்டுப் பேர் என்ற அளவில் நல்லது. அதற்கு மேல் போனால் பழையவர்கள் ஒரு பக்கம், புதியவர்கள் ஒரு பக்கம். வருகிறேன் என்றவர்கள் எல்லோரும் வரமாட்டார்கள் என்பதால் பத்துப் பேரைக் கேளுங்கள். நாள் தெரிவுக்கு ‘போல்’ (வாக்கெடுப்பு) போடும்போது 12 விருப்பம் வரை கொடுக்கலாம்தான், மூன்றுக்கு மேல் கொடுத்தால் முடிவு வராது. போயாவோடு சேர்ந்த நீண்ட விடுமுறை வேண்டாம். அன்று பாதிப் பேர் ஊருக்கு இரவு பஸ் ஏறியிருப்பார்கள். மாலை ஐந்து மணி, காலி முகத்திடல், இறால் வடைத் தள்ளுவண்டிகள் பக்கம் என்றால் யாருக்கும் வழி சொல்லத் தேவையில்லை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை குழப்பும். அப்போது 1942இல் தொடங்கிய, வெள்ளவத்தையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் ஏதாவது நிகழ்ச்சி இருக்கும் நாளைப் பாருங்கள், நூலகமும் உண்டு. படம் எடுத்தால் கேட்ட பிறகே குரூப்பில் போடுங்கள். சந்தித்தவர்கள் விரும்பினால் அந்த எட்டுப் பேருக்கு மட்டும் ஒரு வட்ஸ்அப் குரூப் திறக்கலாம். இலக்கம் கொடுப்பதற்குச் சரியான நேரம் அப்போதுதான்.